மரத்தை ஒட்டி மட்டும் குமிழ் வருவது ஏன்?

வேப்பமரத் துண்டின் மேல் நீல நிற எப்பாக்ஸி ரெசின் (கலந்து ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றியபோது மரத்தை ஒட்டி மட்டும் குமிழ் வந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ரெசின் கலக்கியதில் தவறில்லை. குமிழ் மரத்திலிருந்து வருகிறது. நடுவில் நீலம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது, வேப்பந்துண்டின் ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவில் வரிசையாகக் குமிழ் என்கிறீர்களே, அதுவே நல்ல அடையாளம்.

எப்பாக்ஸி இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டில் மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வரும். அதற்குள் ரெசின் கெட்டிப்பட்டுவிட்டால் ஓரத்திலேயே மாட்டிக்கொள்ளும். மரநாரைக் குறுக்கே வெட்டிய முகத்தில் இது இன்னும் மோசம்.

முதலில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். அதே மரத்தில் ஒரு துண்டை கிராம் தராசில் எடை போட்டு, ஓவனில் (மின் அடுப்பில்) 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்திருந்தால் ஈரம் இருக்கிறது. எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள்.

எடை குறையவே இல்லையா? சரி, அப்போது காற்று மட்டும்தான். அதே ரெசினை மரத்தின் எல்லாப் பக்கமும் மெல்லிசாகத் தூரிகையால் பூசி, விரல் ஒட்டும் பதம் வந்ததும் மீதியை ஊற்றுங்கள். (கையுறை போட்டுத் தொடுங்கள்.) பூச்சு முழுக்க இறுகிவிட்டால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் ஊற்ற வேண்டாம், பின்னால் துளையிடும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும்.

ஊற்றிய பின் வேக்யூம் (காற்றை உறிஞ்சும் கலன்) வைக்காதீர்கள், மரத்திலிருந்து இன்னும் காற்றை இழுத்துவிடும். காற்றை உள்ளே அடைத்து அழுத்தும் அழுத்தக் கலன்தான் குமிழைச் சுருக்கும். அதற்காகச் சமையல் குக்கரை மாற்றியமைத்துக் காற்று அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், வெடிக்கும் ஆபத்து உண்டு.