34 வயதில் ஸ்கேன் எடுத்தபோதுதான் எனக்கு ஒரே கிட்னி என்று தெரிந்தது. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது?

தெரியாமல் போவதுதான் வழக்கம். கருவின் ஐந்தாவது வார வாக்கில் சிறுநீர்க்குழாய் மொட்டு ஒரு பக்கம் முளைக்காவிட்டால் அந்தப் பக்கம் கிட்னி உருவாகாது. ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்கு இப்படி. இருக்கிற ஒன்று கருவிலேயே பெருத்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினும் நார்மலாகவே இருக்கும்.

பிறவியிலேயே இல்லையா, பிறகு சுருங்கியதா? கிட்னிக்கு மேல் இருக்கவேண்டிய அட்ரினல் சுரப்பி சிடி ஸ்கேனில் தட்டையாக, படுத்த கோடு மாதிரி தெரிந்தால் பெரும்பாலும் பிறவிக் கணக்குதான்.

பெண் என்றால் கர்ப்பப்பையையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் பாதியாக இருப்பதுண்டு. ஆணுக்கு அதே பக்க விந்துக்குழாய் இல்லாதிருக்கலாம்.

ஆண்டுக்கொருமுறை பிபி, சிறுநீரில் புரதம் பாருங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலிமாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள்.