டாப்-அப் கடனை நம்பி அடுத்த அறுவை சிகிச்சையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்ததால், தொடை ரத்தக்குழாய் வழியாக நெஞ்சுப் பகுதியில் ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி சுற்றிய கம்பிவலைக் குழாய்) பொருத்தினார்கள். அதற்கு 15 சதவீத வட்டியில் வாங்கிய 6 லட்சம் ரூபாய் தனிநபர் கடனின் மேல், 14 மாதம் கழித்துக் கொழுந்தனாரின் கடைக்காக 2 லட்சம் டாப்-அப் எடுத்தோம். தவணைக்கே பணம் சரியாக இருந்ததால் சென்ற ஆண்டு ஸ்கேன் எடுக்கவில்லை. இப்போது தமனி வீங்கியிருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். செலவு 11 லட்சம் ஆகலாம். அலுவலகக் காப்பீடு 5 லட்சம், வைப்புநிதி இரண்டரை லட்சம், நகை 25 சவரன் உள்ளன. அவருடைய 10 லட்சம் ரூபாய் தீவிர நோய்க் காப்பீட்டில் ஸ்டென்டுக்குப் பணம் தர மறுத்துவிட்டார்கள். வங்கி மறுபடியும் டாப்-அப் தருகிறது, வாங்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம், அம்மா. மருத்துவர் குறித்த தேதியைப் பணத்துக்காக ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் அந்தப் பணம் டாப்-அப் கடனிலிருந்து வரக் கூடாது.

இதுவரை மொத்தம் 8 லட்சம் வாங்கி, முதலில் மாதம் 14,300, பிறகு 16,650 என்று ஏறத்தாழ 4 லட்சம் கட்டிவிட்டீர்கள். இருந்தும் பாக்கி இன்னும் 6 லட்சம் நிற்கிறது, ஏனென்றால் டாப்-அப் எடுத்த அன்று ஐந்தாண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கி, தவணையில் பெரும்பகுதி மறுபடி வட்டிக்கே போயிற்று. சிகிச்சைக்குக் குறையும் மூன்றரை லட்சத்தையும் இதில் சேர்த்தால் தவணை 22,600 ஆகும். வட்டியை விடவும் எனக்குக் கவலை தருவது அந்த விடுபட்ட ஸ்கேன்தான். ஸ்டென்ட் முதல் கிழிசலை மூடினாலும், கீழேயுள்ள வேறு கிழிசல்கள் வழியாகப் பொய்ப்பாதையில் (கிழிந்த சுவரின் அடுக்குகளுக்கு இடையே உருவான பாதையில்) ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் சுவர் மெல்ல விரியும், அதனால்தான் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தச் செலவைக் கொழுந்தனாரின் கடைக்கு வாங்கிய கடன் விழுங்கிவிட்டது. அவருடைய பங்கான 2 லட்சத்துக்கு மாதம் 4,750 ரூபாயை இந்த மாதத்திலிருந்து அவரே கட்ட வேண்டும் என்று உங்கள் கணவர் நேரில் சொல்லட்டும். தயங்குவதற்கான நேரம் இதுவல்ல.

காப்பீடும் வைப்புநிதியும் போக மூன்றரை லட்சம் குறைகிறது. நகையில் ஒரு பகுதியை 10 சதவீத வட்டிக்கு அடகு வைத்தால் மாத வட்டி 3,000 ரூபாய்க்குள் அடங்கும். அலுவலகக் காப்பீட்டில் உள்ள அறை வாடகை வரம்பை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் சேர்ந்தால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஒரு கோடி ரூபாய்க்குப் புதிய மருத்துவக் காப்பீடு என்று இப்போது பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதில் 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், நோயை மறைத்து வாங்கினால் கோரிக்கையே நிராகரிக்கப்படும் என்பதால், இந்தச் சிகிச்சைக்கு அது உதவவே உதவாது.

பணம் வராது என்று நீங்கள் நம்பிக்கை இழந்துவிட்ட தீவிர நோய்க் காப்பீட்டை (பட்டியலிட்ட பெரிய நோய் அல்லது அறுவை சிகிச்சைக்கு மொத்தத் தொகை தரும் பாலிசி) மறுபடி எடுத்துப் படியுங்கள். இத்தகைய பாலிசிகள் பலவற்றில், ரத்தக்குழாய் வழியாக மட்டுமே செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது; நெஞ்சையோ வயிற்றையோ திறந்து, பழுதான பெருந்தமனிப் பகுதியை வெட்டி நீக்கி, செயற்கைக் குழாயைப் பொருத்தினால் பணம் உண்டு. உங்கள் கணவருக்கு இப்போது நடக்கவிருப்பது இந்த இரண்டாம் வகைதான். ஸ்டென்டுக்கு மறுத்தது இந்தக் காரணத்தால்தானா என்று பழைய நிராகரிப்புக் கடிதத்தில் பாருங்கள். ஆம் என்றால், பாலிசி நடப்பில் இருக்கும்வரை புதிதாக விண்ணப்பிக்க இடமுண்டு. பணம் சிகிச்சைக்குப் பிறகே வரும், பெரும்பாலும் 30 நாள் உயிர்வாழும் நிபந்தனையும் இருக்கும் என்பதால், அதை மருத்துவமனைக் கட்டணத்துக்கு எண்ணிக்கொள்ள வேண்டாம். வந்ததும் முதலில் நகையை மீட்டு, மிச்சத்தில் தனிநபர் கடனை முடிந்தவரை அடைத்துவிடுங்கள். கடனை அடைக்கும் முன், உங்கள் கணவர் வேலைக்குத் திரும்பும் வரையான மூன்று நான்கு மாத வீட்டுச் செலவையும் ஸ்கேன் செலவையும் அதில் தொடாமல் ஒதுக்குங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன், நெஞ்சைத் திறந்ததும் தமனியை மாற்றியதும் தெளிவாக எழுதப்பட்ட அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.