வளவில் தலைசுற்றல் – கடிதம்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

கோலூன்றி நடப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். எனக்கு வயது 36. தேவகோட்டையில் மாமனார் வீட்டில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கண் மங்கியது, மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, நரம்பிழைகளின் மேலுறை அழியும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நோய் என்றார்கள். கண் தெளிந்துவிட்டது, தலைசுற்றல்தான் விடவில்லை. காலையில் புரண்டு படுத்தால் மோட்டுவளை சுழல்கிறது. வளவில், அதாவது வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நடந்தால் தரை மிதக்கிறது. வெயில் ஏறினால் நிற்கவே முடிவதில்லை. உள்ளூர் மருத்துவர் கொடுத்த தலைசுற்றல் மாத்திரையைப் பல மாதங்களாக மூன்று வேளையும் போடுகிறேன். பார்ப்பதற்கு நன்றாக இருப்பதால், வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். பித்தம் என்று இஞ்சிச் சாறு தருகிறார்கள். சித்திரையில் மாமனாருக்கு வயது நிறைவுச் சடங்கான சாந்தி வருகிறது. இந்தத் தலைசுற்றல் கடைசிவரை இருக்குமா? படுத்தே இருப்பதுதான் வழியா?

மீ., தேவகோட்டை

அன்புள்ள மீ.,

நான் மருத்துவர் அல்ல, இதே நோயோடு நெடுநாளாக வாழ்பவள். அந்த அளவில் இதைப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் மூன்று தலைசுற்றல்கள் இருக்கின்றன, அவற்றை நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எம்.எஸ். என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால், பிறகு உடம்பில் எது நடந்தாலும் அதன் பற்றுக் கணக்கிலேயே எழுதிவிடுவது நம்மிடமும் உண்டு, சில மருத்துவர்களிடமும் உண்டு. அப்படி எழுதிவிட்டால் எளிதில் தீரக்கூடியதும் தீராமலே நின்றுவிடும்.

முதலில் அந்தக் காலைச் சுழற்சி. புரளும்போது மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது என்றால், அது எம்.எஸ்.ஸால் வராமலும் இருக்கலாம். உட்காதில் சுண்ணாம்பு உப்பாலான நுண்துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விட்டால், தலை அசையும்போதெல்லாம் குழாய்க்குள் இருக்கும் நீரைக் கலக்கி, இல்லாத சுழற்சியை மூளைக்குச் சொல்லும். பி.பி.பி.வி. என்று மருத்துவர்கள் சொல்லும் இது யாருக்கும் வரும், எம்.எஸ். உள்ளவர்களுக்கும் வரும், நமக்கு வரும் சுழற்சிக்கே இதுதான் பெரும்பாலும் காரணம் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. கண்டுபிடிப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மருத்துவர் உங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொண்டு, கண்ணை மூடவிடாமல் கருவிழியையே பார்ப்பார். சில நொடிகள் கழித்துக் கருவிழி சுழல்வதுபோல் துடித்து, சிறிது நேரத்தில் அடங்கினால் இதுதான் என்று தெரிந்துவிடும். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் விவரித்த சோதனை இது. அதே கட்டிலில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் முறையை அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி வகுத்தார்; ஓரிரு முறை செய்த அளவிலேயே பலருக்கும் சுழற்சி நின்றுவிடுகிறது. முதல் தடவை யூடியூப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். கருவிழித் துடிப்பு அடங்காமல் நீடித்தாலோ, நேர் கீழ்நோக்கி அடித்தாலோ, கோளாறு மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ இருக்கக்கூடும். அதைப் பார்த்துப் பழகியவர்தான் சொல்ல முடியும்.

வளவில் தரை மிதப்பது வேறு. அது பெரும்பாலும் நம் நோயின் வேலையே. உட்காது, கண், பாதம் ஆகிய மூன்றிலிருந்தும் வரும் செய்திகளைச் சேர்த்துத்தான் மூளை நம்மை நிமிர்த்தி வைத்திருக்கிறது. நரம்பிழைகளின் மேலுறையான மயலின் அழிந்த இடங்களில் செய்தி தாமதமாகிறது அல்லது சிதைந்து போகிறது. பாதத்தின் செய்தி தண்டுவடத்தில் தாமதப்பட்டால், மூளை கண்ணையே அதிகமாக நம்பத் தொடங்கும். கண்ணை மட்டும் நம்பி நடப்பவருக்கு நம் வளவைப் போலக் கடினமான இடம் வேறில்லை. பூவும் கட்டமுமாக ஆத்தங்குடிக் கல், இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், வானவெளியிலிருந்து விழும் வெயிலில் பாதித்தரை பளிச்சென்றும் பாதி இருட்டாகவும் கிடக்கும்; நடக்க நடக்க அவ்வளவும் கண்ணுக்குள் ஓடும். பார்க்க வருபவர்கள் எல்லாரும் படம் எடுத்துப்போகும் தரை அது. எனக்கென்னவோ வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டின் வெறும் சிமெண்டுத் தரைதான் அருமையாகத் தெரிகிறது. தரையைப் பார்த்து நடக்காதீர்கள். எதிர்ச்சுவரில் கண்மட்டத்துக்கு ஒரு படத்தையோ நிலைக்கதவின் குமிழையோ பார்வையால் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே, கைக்கு எட்டும் தூரத்தில் தூண் இருக்கும்படி நடங்கள். கல்லை மறைக்கிறேன் என்று பாய் விரிக்க வேண்டாம், வழுக்கும். நிலைப்படியில் மட்டும் நின்று, குனிந்து பார்த்துக் கடந்துவிடுங்கள்.

குளிக்கும்போதுதான் பலரும் விழுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தலையில் செம்புத் தண்ணீரை ஊற்றும் அந்த நொடியில் கண்ணின் உதவியும் போய்விடுகிறது. உட்கார்ந்து குளியுங்கள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும்.

மூன்றாவது வெயில். ஜெர்மானியக் கண் மருத்துவர் உத்தோஃப், உடம்பை வருத்தி வேலை செய்த பிறகு இந்த நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890-இல் எழுதினார். உறை போன நரம்பிழை சூட்டில் செய்தியைக் கடத்தத் திணறும். உடற்சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்குப் போதும். உடம்பு குளிர்ந்தால் அதுவும் தணிந்துவிடும், புதிதாக எதுவும் அழிவதில்லை. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் உலையாகிவிடுவதால், காலையிலேயே இரண்டு வாளி பிடித்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இதே வேலையைச் செய்யும். இவை எதுவும் இல்லாமல் ஒரு புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், நோய் புதிதாகத் தாக்குகிறதா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்; தேவைப்பட்டால் சில நாட்களுக்கு ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு தருவார். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, கை கால் திடீரென்று தளர்ந்தாலோ அதை எம்.எஸ். என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். நமக்கும் பக்கவாதம் வரலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மாத்திரைதான். தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளில் பல, வாந்தியும் சுழற்சியும் கடுமையாக இருக்கும் சில நாட்களுக்கானவை. மாதக்கணக்கில் போட்டால், குறையை ஈடுகட்ட மூளை தானாகக் கற்றுக்கொள்வதை அவை தாமதப்படுத்தும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சீட்டைக் கொண்டுபோய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென், நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின் போன்றவற்றாலும் கிறுகிறுப்பு வரும் என்பதால், எல்லா மருந்தையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.

படுத்தே இருப்பது வழியல்ல. தலை அசையாவிட்டால் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடுங்கள். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, நகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பும் பயிற்சியைப் போல எளியவற்றில் தொடங்குவார்கள். செய்யும்போது கொஞ்சம் சுற்றத்தான் செய்யும், சுற்றுவதால்தான் பயன். நோய் போகாது, ஆனால் தலைசுற்றல் இதே அளவில் கடைசிவரை இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வீட்டாரிடம் வாதாடிப் பயனில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள், எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் புள்ளிகளை அவரே பார்க்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று என்பதையும் சொல்லலாம். இஞ்சிச் சாறு கெடுதல் இல்லை, குடித்துவிடுங்கள்.

சாந்திக்குப் போங்கள். வெயில் ஏறுமுன் சடங்கில் இருந்துவிட்டு, சாப்பாட்டுக் கூட்டம் சேருமுன் உள்ளே போய்விடலாம். வந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் விழுந்து கும்பிட்டு எழுவது நம் வழக்கம். அந்தக் காலைச் சுழற்சியைக் கிளப்புவதற்கு அதைவிட வேறு வேண்டாம். நீங்கள் நின்றபடியே கும்பிடுவீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரரை விட்டு முதல்நாளே மாமனாரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொண்டுவிட்டால் மற்றவர்கள் கேட்கமாட்டார்கள்.