மூக்கைக் குறை சொல்லும் செயலி

கேள்வி: எனக்கு வயது 44. வயல் வேலையும் குடும்பமுமாக இருக்கிறேன். மூத்த மகளின் திருமணம் ஆவணியில் நடக்க இருக்கிறது. கனடாவிலிருந்து மைத்துனர் குடும்பமும் வருகிறது. மகளின் கைத்தொலைபேசியிலுள்ள ஒரு செயலி என் முகத்தைப் படமெடுத்து, மூக்கு அகலம், நாடி குட்டை, பொன் விகிதத்தின்படி 100க்கு 61 புள்ளிகள் என்று காட்டியது. வவுனியாவில் ஓர் அழகுக்கலை நிலையத்தில், மூக்குக்கும் நாடிக்கும் பில்லர் ஊசியும் நெற்றிச் சுருக்கத்துக்குப் பொடொக்ஸும் போட்டால் பத்து வயது குறைந்து தெரியும் என்கிறார்கள். போடலாமா?
— வாசகி, கனகராயன்குளம்

பதில்: சகோதரி, முதலில் அந்த 61 புள்ளிகளைப் பார்த்துவிடுவோம். முகத்துக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து எடுக்கும் படத்தில், ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுத்த படத்தில் இருப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் செயலி புள்ளி போட்டதும் அப்படி விரிந்து தெரிந்த ஒரு மூக்குக்குத்தான்.

ஒரு கோட்டை, முழுக்கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் வரும்படி பிரித்தால் கிடைக்கும் 1.618 என்ற பொன் விகிதம் கணிதத்தில் மறுக்க முடியாதது. அதை மனித முகத்தின் மேல் முகமூடியாக வரைந்து அழகை அளக்கும் வழக்கமோ அண்மைக் காலத்தது. நமது சிற்ப மரபிலும் அளவு உண்டு. முகத்தின் நீளத்தை 12 அங்குலமாகக் (இது சிற்பிகளின் அளவு, அடிக்கோலின் அங்குலம் அல்ல) கொண்டு, நெற்றிக்கும் மூக்குக்கும் நாடிக்கும் நான்கு நான்காகப் பங்கிடுவார்கள். ஆனால் அது தெய்வத் திருமேனியைச் செதுக்கும் சிற்பிக்கு வகுத்த அளவு, கோயிலுக்கு வந்து கும்பிடுகிறவர்களை அதனால் எவரும் அளந்ததில்லை. முகத்தை மூன்று சம பங்காக்கும் ஐரோப்பிய ஓவியர்களின் விதிகளை, ரொறொன்ரோவில் பணியாற்றிய லெஸ்லி பார்காஸ் என்ற மருத்துவர் 1985இல் வெள்ளையின இளைஞர்களின் முகங்களிலேயே அளந்து பார்த்தபோது, அவற்றுள் பல பெரும்பாலானோருக்குப் பொருந்தவில்லை. அவர்களுக்கே பொருந்தாத விதியைக் கொண்டு வன்னியில் ஒரு தாயின் மூக்குக்குக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இனி ஊசிக்கு வருவோம். பில்லர் என்பது தோலுக்குக் கீழே களி போன்ற ஒரு பொருளை நிரப்புவது. பெரும்பாலும் அது ஹையலூரோனிக் அமிலமாக இருக்கும். நிரப்பினால் பருமன் கூடுமே தவிர மூக்கின் அகலம் குறையாது. மூக்குத் தண்டை உயர்த்தி, ஒடுக்கமாகத் தெரிவது போன்ற ஒரு தோற்றத்தை மட்டுமே உண்டாக்கலாம். அந்தத் தோற்றத்துக்காக நீங்கள் ஏற்கும் ஆபத்தோ மிகப் பெரியது. மூக்கையும் புருவ நடுவையும் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஊசி தவறுதலாக ஒரு குழாய்க்குள் இறங்கினால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போய்விடலாம். ஹையலூரோனிக் அமிலக் களியைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆனாலும் விழித்திரை இரத்தமின்றி அதிக நேரம் தாங்காது. ஆகவே மூக்குக்கு வேண்டாம் என்றே சொல்வேன். நாடிக்குப் போட விரும்பினாலும், இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற, இதில் பயிற்சியுள்ள வைத்தியரிடம் மட்டுமே போட்டுக்கொள்ளுங்கள்.

நெற்றிச் சுருக்கத்துக்குப் பொடொக்ஸ் கேட்பதில் நியாயம் உண்டு. அது தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. இரண்டு வாரங்களில் முழுப் பலன் தெரிந்து, மூன்று நான்கு மாதங்களில் மறைந்துவிடும். அதையும் வைத்தியர்தான் போட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு, கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல் போன இடத்தில் தாடையெலும்பு தேய்ந்து, கன்னமும் வாயோரமும் உள்வாங்கும்; பல் கட்டுவதும் முகத்துக்குச் செய்யும் சிகிச்சையே என்பதை இங்கே பலர் நினைப்பதில்லை. வயலில் நிற்கும்போது அகன்ற விளிம்புத் தொப்பியும் காலையில் ஒரு வெயில் தடுப்புக் கிறீமும் இருக்கட்டும். திருமணம் நெருங்கும் வேளையில் லேசரும், மேல்தோலை உரிக்கும் அமிலப் பூச்சும் வேண்டாம். நம்மைப் போன்ற கருமை நிறத் தோலில் அவை ஆறிய பிறகு மாதக் கணக்கில் கறுப்புத் திட்டுகளை விட்டுச் செல்லக்கூடும்.

கேள்வி: லேபிள் இல்லாத ஒரு கிறீமைப் பூசியதும் முகம் வெளுத்து மினுமினுத்தது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது. திரும்பவும் பூசலாமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பூச வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி, வீரியமான ஸ்ரெரொயிட் (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்த கிறீமை நிறுத்தும்போது காணப்படுவது; அது தோலை மெலியவைத்து, நரம்பு போன்ற சிவப்புக் கோடுகளைத் தோன்றச் செய்யும். இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் கலந்திருக்கும். தாயின் முகத்திலிருந்து அது குழந்தையின் உடம்புக்கும் போகும். எரிச்சல் அடங்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். தாமதிக்காமல் பொது வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். போகும்போது அந்தக் கிறீம் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.