எண்ணம்போல்தான் வாழ்வா?

கேள்வி: நம் எண்ணங்களே நம் அனுபவங்களை உருவாக்குகின்றன என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் எண்ணம் நம் நடத்தையின் வழியாகத்தான் உலகத்தைத் தொடுகிறது. 'இந்த வேலை எனக்குக் கிடைக்காது' என்று நினைத்தபடியே நேர்காணலுக்குச் செல்பவர், நாற்காலியின் நுனியில் அமர்ந்து, தெரிந்த கேள்விக்கும் பாதிக் குரலில் பதில் சொல்லி, தம் அச்சத்தைத் தாமே மெய்யாக்கிவிடுகிறார். இதைத் 'தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பு' என்று 1948-இல் விளக்கிய அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், நல்ல நிலையிலுள்ள வங்கி திவாலாகப்போகிறது என்ற வதந்தியை நம்பி எல்லோரும் பணத்தை எடுக்க, அது உண்மையிலேயே திவாலாகிவிடுவதை எடுத்துக்காட்டினார். அங்கும் எண்ணம் வரிசையில் போய் நின்ற பிறகே வங்கி கவிழ்ந்தது. நோயையும் விபத்தையும் பிறர் செய்யும் அநீதியையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படுக்கையில் கிடப்பவரிடம் 'நீங்கள் நினைத்ததுதான் நடந்தது' என்று சொல்வது (சொல்பவர்களும் இருக்கிறார்கள்) கொடுமை.