திருகோணமலையில் கார் விற்பனையாளராக வேலை தொடங்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"ஏ.எல். முடித்துவிட்டேன், நல்லாக் கதைப்பேன், கார் என்றால் உயிர். திருகோணமலையில் ஒரு கார் சேலில் (விற்பனை நிலையத்தில்) வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும், ஆங்கிலம் தேவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பைப் பிறகு பார்ப்போம் தம்பி. அந்த "நல்லாக் கதைப்பேன்" என்ற இடம்தான் என்னைக் கிளறிவிட்டது. வாய் இருந்தால் வண்டி விற்கலாம், பொய் இரண்டு சேர்த்தால் இன்னும் கெதியாக விற்கலாம் என்றுதான் ஊர் முழுக்க நினைப்பு. கலியாணப் பேச்சில் "மாப்பிள்ளை கார் விக்கிறவராம்" என்றால் தரகரே குரலைத் தாழ்த்துகிறார். கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், எந்த வேலை என்றாலும் சரி, உடனே பலகாரம் வருகிறது. அது வேறு வயிற்றெரிச்சல், விடுங்கள்.

இந்த வேலையில் கதைப்பதற்குப் போகும் நேரம் கொஞ்சம். வண்டியைப் பரிசோதிப்பது, பேப்பர் சரிபார்ப்பது, லீசிங், அதாவது வண்டிக்கான தவணைக் கடன், கணக்குப் போட்டுக் காட்டுவது, இந்த மூன்றும்தான் நாளைத் தின்னும். கொழும்பில் பெரிய ஷோரூமில் இருப்பவர்கள் "எங்களுக்கு இதற்கெல்லாம் தனிப் பிரிவு இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும். நான் சொல்வது உவர்மலையிலிருந்து கிண்ணியா, மூதூர், கந்தளாய், நிலாவெளி வரைக்குமான சந்தையை. இங்கே எல்லாம் ஒரே ஆளின் தலையில்தான்.

எங்கே சேர்வது? நேரே கார் சேலுக்குப் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். இந்த மாவட்டத்தில் காரை விட மோட்டார் சைக்கிள், ஓட்டோ, சின்ன லொறி, வான்தான் கூட ஓடுகின்றன. முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமிலோ, லீசிங் கம்பனியில் மார்க்கெட்டிங் ஆளாகவோ ஒரு வருடமளவில் நில்லுங்கள். லீசிங் பக்கத்தால் வந்தவனுக்கு எந்த வாடிக்கையாளரின் கடன் கோப்பு பாஸாகும், எது திரும்பி வரும் என்று பார்த்த உடனே பிடிபடும். கார் சேல் முதலாளிமார் அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுகிறார்கள்.

ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் கட்டாயம். கியர் வண்டியில் எடுங்கள், ஓட்டோமெட்டிக்கில் எடுத்துவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம். பி வகுப்பில் ஓட்டக்கூடியது, ஓட்டுநரோடு சேர்த்து 9 இருக்கை வரைதான். 15 இருக்கை கே.டி.எச். வானை வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்ட டி1 வகுப்பு வேண்டும். அது இல்லாமல் ஓட்டி இடிபட்டால் காப்புறுதி கைவிரிக்கும்.

வண்டி பார்க்கப் பழகுவதற்கு அடிபட்ட தகட்டைத் தட்டித் திருத்தும் நல்ல டிங்கர் கராஜ் ஒன்றில் ஓய்வு நாட்களில் போய் நில்லுங்கள். எஞ்சின் மெக்கானிக்கை விட டிங்கர்காரனுக்குத்தான் வண்டியின் பழைய கதை தெரியும். பெயிண்ட் தடிப்பு அளக்கும் கருவி இருந்தால் ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பாருங்கள். கம்பனிப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரோன் வரை காட்டும், 300ஐத் தாண்டினால் அடியில் நசிவை மூடிய புட்டிப் பூச்சு இருக்கலாம். கருவி இல்லையென்றால் கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் அடையாளத்தைப் பாருங்கள்: எல்லாம் ஒரே கம்பனி, ஒரே வருடம், ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மீட்டர் 30,000 கிலோமீற்றர் காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடல் றப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, சாரதி இருக்கையின் வலது ஓரம் அமுங்கிக் கிடக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு வியாதி உண்டு, உப்புக் காற்று. கடற்கரையோரம் நின்ற வண்டி மேலே மினுங்கும், கீழே தின்னப்பட்டிருக்கும். கதவின் அடி விளிம்பு, சில்லு வளைவின் உட்பக்கம், ஸ்பிரிங் பொருத்தும் இடம், பிரேக் குழாய் ஆகியவற்றை வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். மீன் பெட்டி ஏற்றிய வான் என்றால் பின் தளத்தின் விரிப்பைக் கிளப்பாமல் விலை பேசவே கூடாது. அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

2025 நவம்பர் டிட்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவிக் காயவைத்து வேறு மாவட்டத்தில் விற்பார்கள். இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டின் அடியில் சேற்று வாடை, வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டியை சேலுக்குள் எடுக்க வேண்டாமென்று முதலாளிக்குச் சொல்லுங்கள். வாங்கும்போது லாபமாகத்தான் தெரியும், ஆறு மாதத்தில் மின்சார வேலை ஒவ்வொன்றாக விழும்.

ஹைபிரிட் பற்றி வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி "பெட்டரி எப்படி?" என்பது. டொயோட்டா அக்வாவின் பெட்டரியில் 20 கலத்தொகுதி, பழைய பிரியஸில் 28. ஒன்று பழுதானாலும் முழுப் பெட்டரியும் பாதிக்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றி விற்பவர்கள் உண்டு, மற்றவை அதே வயதுடையவை என்பதால் கொஞ்ச நாளில் அடுத்தது போகும். ஸ்கேனரில் தொகுதிகளின் வோல்ற்றளவைப் பார்த்து, ஒன்று மட்டும் விலகி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் இருக்கைப் பக்கம் பெட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் தூசியால் அடைத்திருந்தால், நம் வெயிலுக்கு அதுவே பெட்டரியைக் கொன்றுவிடும். ஹொண்டா ஃபிட் ஜீ.பி.5 ஹைபிரிட் என்றால் கியர் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். சமதரையில் ஒன்றும் தெரியாது, உவர்மலை ஏற்றத்தில் மெதுவாக ஏற்றி, நிறுத்தி, மறுபடி எடுங்கள். உதறினால் கியர் பெட்டியில் கோளாறு என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்கு ஏலத் தாள், அதாவது அங்கே ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்த தாள், காட்டுவார்கள். தரம் 4, 4.5 நல்லது, ஆர் அல்லது ஆர்.ஏ. என்றிருந்தால் விபத்துத் திருத்தம் பார்த்தது. தாளில் உள்ள வண்டிப் படத்தில் ஏ என்றால் கீறல், யு நசிவு, டபிள்யூ திருத்திய இடத்தில் தெரியும் அலைவு, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகம் மாற்றப்பட்டது. தாளையே மாற்றி அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் வண்டியின் சட்டத்தில் பொறித்த சேசிஸ் இலக்கத்தை வைத்துத் தனியாகச் சரிபாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே கைக்குக் கை மாறின. அந்த வண்டிகளில் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைத் திருப்பியவையும் உண்டு.

இனிப் பேப்பர். ஒரு பாவித்த காரை வாங்கவோ விற்கவோ முன் பார்க்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், அதாவது எல்லோரும் சொல்கிற சீ.ஆர்.; நடப்பு வருமான அனுமதிப்பத்திரம்; புகைச் சான்று; காப்புறுதி; உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி. சீ.ஆரில் உள்ள சேசிஸ், எஞ்சின் இலக்கங்களை வண்டியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் திரும்ப அடித்த இலக்கம் கோணலாகத் தெரியும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதமும் அந்தப் பெயர் நீக்கியதற்கான ஆவணமும் கைக்கு வரும் வரை முற்பணம்கூட வாங்காதீர்கள்.

உரிமை மாற்றத்தில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விற்பவர் எம்.டி.ஏ. 6 படிவமும் வாங்குபவர் எம்.டி.ஏ. 8 படிவமும் கொடுக்க வேண்டும். ஆனால் சந்தையில் நிறைய வண்டி "ஓபன் பேப்பரில்" ஓடுகிறது: விற்றவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், வாங்குபவரின் பெயர் இடம் வெறுமையாக இருக்கிறது, அப்படியே மூன்று நான்கு கை மாறிவிட்டது. பிறகு கையெழுத்துப் பொருந்தவில்லை என்று திணைக்களம் திருப்பினால் முதல் உரிமையாளரைத் தேட வேண்டும். நம் பகுதியில் அவர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். அதற்குள் வண்டி எங்காவது ஆளை இடித்தால் பொலிஸ் போவது சீ.ஆரில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கு. "எல்லாரும் இப்படித்தானே செய்யிறாங்கள்" என்று இதற்குக் கீழே யாராவது எழுதுவார்கள். செய்கிறார்கள்தான். விற்றவர் எம்.டி.ஏ. 6இன் பிரதியில் திகதியும் வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கமும் எழுதி வைத்துக்கொண்டால் குறைந்தபட்சம் அவர் கையில் ஓர் ஆதாரமாவது இருக்கும்.

லீசிங்தான் நீங்கள் அதிகம் பழக வேண்டிய இடம். காரின் பெறுமதியில் எத்தனை வீதம் கடன் கொடுக்கலாம் என்ற உச்சத்தை மத்திய வங்கி வைக்கிறது. வாகன வகைக்கு வகை வேறு, அடிக்கடி மாறும். நடப்பு வீதத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்குங்கள். கணக்கு இப்படி. காரின் விலை 60 இலட்சம், கடன் 30 இலட்சம், 5 வருடம். "வட்டி 8 வீதம்தான் அண்ணே" என்பார்கள். அது ஃபிளாட் வட்டி, கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டி: 30 இலட்சத்துக்கு வருடம் 2,40,000, ஐந்து வருடத்துக்கு 12 இலட்சம், மொத்தம் 42 இலட்சம், 60 தவணைக்கு மாதம் 70,000. குறைந்து செல்லும் மீதியில் பார்த்தால் இது ஏறத்தாழ 14 வீதம். சண்டை வருவது இரண்டு வருடம் கழித்து. 24 தவணையாக 16,80,000 கட்டியவர் "இன்னும் 13 இலட்சம் கட்டினால் முடிந்துவிடும்" என்று நினைத்துப் போவார். அங்கே மீதிக் கடன் தொகை மட்டும் 20 இலட்சத்துக்கு மேல் நிற்கும், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் வேறு. முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் காட்டினால் சிலர் வாங்காமல் போவார்கள். போகட்டும், தவணை தவறி அவர் வண்டியைக் கம்பனி சீஸ் பண்ணி எடுத்துக்கொண்டால் உங்கள் பெயரைத்தான் சந்தைக்குச் சந்தை சொல்லித் திரிவார்.

கோப்புக்கு அடையாள அட்டை, மின்சார பில், வங்கிக் கூற்று, சம்பளத் தாள், பிணையாளர் இருவர் என்று கேட்பார்கள். திரும்பி வரும் கோப்புகளுக்குப் பெரும்பாலும் கிரிப் அறிக்கைதான், அதாவது ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கைதான், காரணம். கூட்டாளியின் ஓட்டோவுக்குப் பிணை நின்றதும் அதில் இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. அதனால் "யாருக்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். கிண்ணியா, மூதூர் பக்கத்தவர் பலர் வட்டி வேண்டாம் என்பார்கள், ஆகவே இஜாரா, முராபஹா என்ற வட்டியில்லாத இஸ்லாமிய முறை வசதி தரும் நிறுவனங்களையும் அவற்றின் தவணைக் கணக்கையும் தெரிந்து வையுங்கள்.

இதில் என்னால் சகிக்க முடியாத ஒன்று, ஒப்பந்தம். பத்துப் பதினைந்து பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம், அரசாங்கப் படிவம் என்றால் சிங்களம் முன்னுக்கு. தம்பலகாமத்து விவசாயி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பென்சில் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வைத்துக்கொண்டே போவார். தமிழ் அரச கரும மொழியாகி எத்தனை காலம்! ஒரு தமிழ்ப் பிரதி அடிக்க என்ன செலவு? தாமதக் கட்டணம், வண்டியைத் திரும்ப எடுக்கும் நிபந்தனை, முன்கூட்டி முடித்தல், காப்புறுதி, இந்த நாலு பந்தியையாவது நீங்கள் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் தேவையா என்று கேட்டீர்கள் அல்லவா, இதற்குத் தேவை. கந்தளாய், சேருநுவர வாடிக்கையாளருக்குச் சிங்களம் அதை விடத் தேவை.

எப்போது விற்கும்? பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச். சிறுபோகம் முடிந்து ஓகஸ்ட், செப்டெம்பர். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர் வான் தேடுவது மே மாதத்துக்கு முன். ஆடியில் எங்கள் ஆட்கள் பலர் முற்பணம் தருவார்கள், வண்டியை எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம், அது முடிய ஜும்மா. ஆகவே அன்று காலை 10 மணிக்குள் அல்லது பின்னேரம் டெலிவரி வையுங்கள். பத்திரகாளி அம்மன் கோயிலடிக்குப் போக எலுமிச்சம்பழம் நாலு எடுத்து வைத்தால் அதற்கே சந்தோஷப்படுவார்கள்.

சம்பளம். அடிப்படை குறைவு, மீதி கமிஷன். நேர்முகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: நியமனக் கடிதம் உண்டா, ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா (உங்களிடம் 8 வீதம், முதலாளி 12; ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3). கமிஷன் வண்டிக்கு இவ்வளவா, லாபத்தில் வீதமா? லீசிங் கம்பனி சேலுக்குக் கொடுக்கும் கமிஷனில் உங்களுக்குப் பங்கு உண்டா? எப்போது கைக்கு வரும், முற்பணம் வந்த நாளிலா, லீசிங் காசு விழுந்த பிறகா, உரிமை மாற்றம் முடிந்த பிறகா? வாடிக்கையாளர் இடையில் விலகினால் கொடுத்ததைத் திரும்ப வெட்டுவார்களா? டெஸ்ட் டிரைவில் வண்டி உரசினால் காப்புறுதி தராமல் கழிக்கும் தொகை யார் தலையில்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், கடிதத்தில் எழுதித் தரும் வரை சாவியைக் கையில் எடுக்காதீர்கள்.