ஊருக்கு அழைத்துப் போனால் சட்டம் விட்டுவிடுமா?

லண்டனில் வளரும் அக்கா மகளுக்கு 17 வயது, ஆவணியில் திருச்சியில் கல்யாணம், 'இந்தியாவில் நடந்தால் இங்கிலாந்து போலீஸுக்கு என்ன வேலை?' என்கிறார் மாமா என்று எழுதியிருந்தீர்கள். மாமா கணக்கு தப்பு.

2023 பிப்ரவரி 27 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குள் திருமணம் செய்துவைக்க முனைவதே குற்றம். மிரட்டல் தேவையில்லை. 'அவளே சம்மதித்துவிட்டாள்' என்ற சால்ஜாப்பும் எடுபடாது. பதிவு செய்யாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டினாலும் அதே கதைதான். பெண் அங்கே வசிப்பவள் என்பதால், ஏற்பாடு திருச்சியிலிருந்து நடந்தாலும் அந்த நீதிமன்றங்கள் விசாரிக்கலாம். 7 ஆண்டு வரை சிறை.

இந்தியப் பக்கமும் தப்ப வழியில்லை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது கடந்த மாப்பிள்ளைக்கு 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம்; பெற்றோருக்கும் நடத்திவைப்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறையோடு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வரலாம். பெற்றோர் தரப்பில் பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது, அபராதம்தான்.

ஆனால் நடந்தபின் வழக்கு போடுவதைவிட விமானம் ஏறுமுன் தடுப்பதுதான் சுலபம். அவளுக்கு விருப்பமில்லை என்கிறீர்களே, லண்டன் குடும்ப நீதிமன்றத்தில் கட்டாயத் திருமணத்திலிருந்து காக்கும் பாதுகாப்பு ஆணை (Forced Marriage Protection Order) கேட்கலாம். பாஸ்போர்ட்டையே ஒப்படைக்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் சொன்னாலே வேலை தொடங்கிவிடும்.

ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள் என்றால் இந்தியாவின் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். மாவட்ட சமூக நல அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கலாம். அதை மீறித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. அப்புறம், அக்காவிடம் இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், பயணத்தைச் சீக்கிரமே வைத்துவிடுவார்கள்.